பட்டாதாரரைப் பிடிக்க வந்தவர்

அத்தியாயம் 9

அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும் முன் இளவரசன் கடைசியாகச் செய்த வேலை, மீன் தொட்டியில் இரண்டு லிட்டர் குடிதண்ணீர் ஊற்றியது.

தினமும் செய்கிற வேலைதான். தொட்டியின் மேல் சின்ன ஃபேன் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றுக்கும் பெரம்பலூர் வெயிலுக்கும் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகிவிடும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடியில் சிவப்பு டேப்பை மெல்லிசாக வெட்டி ஒரு கோடு ஒட்டியிருந்தார். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் சொம்பைக் கீழே வைப்பார்.

"கடல் மீனுக்குப் போயி நல்ல தண்ணி ஊத்துறீங்களே" என்றாள் மனைவி வேணி. நான்கு வருடமாகக் கேட்கிற கேள்வி.

"தண்ணி மட்டும்தான் ஆவியாப் போவும் வேணி. உப்பு எங்கயும் போவாது, உள்ளயேதான் கெடக்கும். அதுக்கு மேல உப்புத்தண்ணியே ஊத்துனா ஊறுகாய் ஆயிடும்." நான்கு வருடமாகச் சொல்கிற பதில்.

சாய்ந்து கிடந்த ஒரு கல்லை நிமிர்த்த உள்ளே கையை விட்டார். இடுக்கிலிருந்து நீலமாக ஒன்று பாய்ந்து வந்து கட்டைவிரலைக் கடித்தது.

"ஸ்ஸ்... இன்னைக்குத் தீர்வை கட்டியாச்சு" என்று கையை உதறினார். அதுவும் தினமும் நடப்பதுதான்.

சட்டையின் ஒரு கை முழங்கை வரை நனைந்திருந்தது. மாற்றிக்கொண்டு போகச் சொன்னாள். அரியலூர் போவதற்குள் காய்ந்துவிடும் என்றார். கூட வேலை பார்த்தவருக்கு அங்கே பணி ஓய்வு விழா. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வரும்போது கோதுமை மாவு வாங்கணுமா?" என்று கேட்டார்.

"வேணாம், இருக்கு."

பஸ் அரியலூர் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் இறங்கினார்கள். ஜன்னலோரத்தில் ஒருவர் மட்டும் இறங்கவில்லை. கண்டக்டர் வந்து தோளைத் தட்டியபோது சட்டைக் கை காய்ந்திருந்ததா என்று வேணி இன்று வரை யாரையும் கேட்டதில்லை.

*

மூன்று மாதம் ஓடிவிட்டது. வாராவாரம் இந்தத் தொடரில் வேணியோடு கூட வருகிறவர்களுக்கு மீதி தெரியும். இந்த வாரம்தான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்காகக் கொஞ்சம்.

இளவரசன் முப்பத்திரண்டு வருடம் நில அளவர். அரியலூர் பக்கம் அவர் டேப் பிடிக்காத வரப்பு குறைவு. அரையடிக்காக அண்ணன் தம்பி மண்வெட்டி தூக்குவதைப் பார்த்துப் பார்த்து அலுத்து, ஓய்வு பெற்றதும் அமைதியாக ஏதாவது பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்று மூன்றடி நீளத்தில் ஒரு கடல் மீன் தொட்டி வைத்தார். பெரம்பலூரில் எதற்குக் கடல் என்று கேட்டவர்களிடம், "நம்ம பக்கம் பூராவும் ஒரு காலத்துல கடல்தான்யா. குழி வெட்டுனா சிப்பி சிப்பியா வருதே, பார்த்ததில்ல? கடல் ஒண்ணுதான் தானா ஆக்கிரமிப்பைக் காலி பண்ணிட்டுப் போன ஆளு" என்பார்.

அமைதி கிடைக்கவில்லை. வந்து சேர்ந்த மீன் அப்படி. சுண்டுவிரல் நீளம்தான். உடம்பு நீலம், வால் மஞ்சள். டாம்சல் என்று கடையில் சொன்னார்கள். கூட வந்த இரண்டு மீன்களை ஒரே வாரத்தில் மூலைக்கு விரட்டி, பட்டினி போட்டு, கடைசியில் இளவரசனே அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி செய்தது. பிறகு தொட்டி மொத்தத்தையும் தன் பேரில் எழுதிக்கொண்டது. நிழல் விழுந்தால் கண்ணாடியை முட்டும். கை நுழைந்தால் கடிக்கும். நிலவரி மாதிரி அவர் தினமும் கட்டுகிற தீர்வை அதுதான்.

"இவ்வளவு உரிமை பேசுறவன் கையில கட்டாயம் பட்டா இருக்கும்" என்று அதற்குப் பட்டாதாரர் என்று பேர் வைத்தார்.

இனி அவருடைய அக்கா கொளஞ்சியம்மாள். விக்கிரமங்கலத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர். பக்கத்து வயல் வேம்புவோடு அவருக்கு வரப்புத் தகராறு வந்தபோது, "எந்தம்பியே சர்வேயர்" என்று தைரியமாக ஆளைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். தம்பி அளந்தார். அக்காதான் வேம்பு நிலத்துக்குள் அரையடி தள்ளிக் கல் நட்டிருக்கிறார் என்று ஊர் முன்னால் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் அக்கா நட்ட கல்லைப் பிடுங்கி, திரும்ப நட்டுவிடுவாரோ என்று சந்தேகப்பட்டு, பைக்கின் பின்னால் கட்டி எடுத்துக்கொண்டும் போய்விட்டார். இரண்டு வருடம் பேச்சு இல்லை. அப்புறம் பேசினார்கள். ஆனால் கல்லைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவே இல்லை.

தம்பி போன நாளிலிருந்து கொளஞ்சியம்மாள் இந்த வீட்டில்தான் இருக்கிறார். சாவு வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். உடலை எடுத்ததும் குடம், அண்டா, வாளி எல்லாம் கவிழ்ந்தன. நீல டிரம்மில் இளவரசன் உப்புக் கலந்து வைத்திருந்த நாற்பது லிட்டரும் சாக்கடைக்குப் போனது. கொளஞ்சியம்மாள் காலி வாளியோடு தொட்டி முன்னால் வந்து நின்றார். அதுவரை வாய் திறக்காமல் கிடந்த வேணி அப்போதுதான் பேசினாள்.

"அது தண்ணி இல்ல அண்ணி. அதோட வூடு."

கொளஞ்சியம்மாள் வாளியைக் கீழே வைத்தார். வழக்கத்துக்கு ஒரு தடவையாவது கையை நனைப்போம் என்று விரலை விட்டார். கடி வாங்கினார். அன்றிலிருந்து அவருக்கும் பட்டாதாரருக்கும் ஆகாது.

*

இன்றைக்கு வியாழக்கிழமை. கோயம்புத்தூரிலிருந்து மகள் அம்பிகா நான்கு நாள் லீவில் வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வீட்டை வாடகைக்குப் பார்க்க வருகிறது. அன்று சாயங்காலமே அம்மாவைக் கையோடு கூட்டிப் போகிறாள். கொளஞ்சியம்மாளும் அன்றே விக்கிரமங்கலம் திரும்புகிறார். எல்லாம் பேசி முடித்தாயிற்று. வேணிக்கு இந்த வீட்டை விட மனமில்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு முறையும், "மீனை என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு சாக்கு. அதன் நீளம் சுண்டுவிரல்.

அந்தச் சாக்குக்கும் அம்பிகா ஆள் பிடித்துவிட்டாள். திருச்சியில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் மதுரைவீரன், கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் பெரிய தொட்டியில் விட்டுக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

பத்து மணிக்கு மதுரைவீரன் வந்து இறங்கினார். ஆறடி ஆள். மீசை இரண்டு பக்கமும் காதைத் தேடிப் போயிருந்தது. கையில் வலை, பாலிதீன் கவர், தெர்மகோல் பெட்டி.

கொளஞ்சியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தத் துளியூண்டு மீனுக்கு இவ்ளோ பெரிய ஆளா?"

"அஞ்சு நிமிஷ வேலை பெரியம்மா" என்று மதுரைவீரன் தொட்டிக்குள் குனிந்தார். "எங்கம்மா மீனு? கல்லுதான் தெரியுது."

"கையை விடுங்க தம்பி. அதுவே வரும்" என்றாள் வேணி.

கையை விட்டார். வந்தது.

"யம்மாடி!"

வலை தண்ணீரில் விழுந்தது. மதுரைவீரன் விரலைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய் சோபாவில் உட்கார்ந்தார்.

"பேரு மதுரைவீரனாம்" என்றார் கொளஞ்சியம்மாள்.

"வலிக்கலைங்க பெரியம்மா. திடுக்குனு ஆயிடுச்சு."

"எனக்கும் மூணு தடவை திடுக்குனுதான் ஆச்சு."

அம்பிகா பொறுமையாகச் சொன்னாள். "சார், அது ரெண்டரை இஞ்ச் மீனு."

"அது உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது மேடம். அதுக்குத் தெரியலையே."

தீனி போட்டு இழுக்கப் பார்த்தார். பட்டாதாரர் வெளியே வந்து, ஒரு உருண்டையைக் கவ்விக்கொண்டு, வலை வருவதற்குள் உள்ளே போனார். பத்து உருண்டை காலி. இரண்டு பக்கமும் இரண்டு வலை பிடித்தார்கள். ஒன்றை அம்பிகா பிடித்தாள். மீன் நடுவில் வந்து நின்று, இடது வலையை ஒரு முட்டு, வலது வலையை ஒரு முட்டு முட்டிவிட்டுக் கல்லுக்குள் போனது. உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது.

"என்ன சத்தம் அது?" என்றாள் அம்பிகா.

"திட்டுது" என்றாள் வேணி. "கோவம் வந்தா அப்படித்தான்."

"என்ன பேரும்மா வச்சிருக்கீங்க இதுக்கு?" என்றார் மதுரைவீரன்.

"பட்டாதாரரு."

மதுரைவீரன் தலையாட்டினார். அதன் பிறகு அவர் மீனை ஒருமையில் கூப்பிடவே இல்லை. "வாங்க சார்... இப்படிக் கொஞ்சம் வாங்க சார்... ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க சார்..."

பதினோரு மணிக்கு வலையை மடித்தார்.

"மேடம், இப்படி ஆவாது. கல்லைப் பூரா வெளிய எடுத்துடணும். இந்த ஜாதி மீனுக்குக் கல்லுதான் பலம். கல்லு எடம் மாறிடுச்சுன்னா, எது தன்னோட எடம்னே அதுக்குப் புரியாது. கடிக்காது, விரட்டாது, சாதுவாயிடும். கூட புது மீனு விடணும்னாலும் இதான் வழி. பழைய ஆளோட கோட்டையைக் கலைச்சுட்டா ரெண்டு பேருமே ஊருக்குப் புதுசு. சண்டை குறையும்."

எல்லோருக்கும் காபி கொண்டுவந்த வேணி, தன் டம்ளரை மட்டும் குடிக்காமல் டிவி மேஜையில் வைத்துவிட்டாள்.

*

ஏழு கற்கள். துணி துவைக்கிற நீல டப்பில் தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் மொண்டு ஊற்றி, ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தார் மதுரைவீரன். ஒவ்வொரு கல்லுக்கும் தண்ணீர் இறங்கியது. சிவப்புக் கோடு மேலே தனியாக நின்றது.

கடைசிக் கல் ஒரு முழ நீளம். இடது மூலையில் மணலில் பாதி புதைந்து கிடந்தது. மேல் பக்கம் முழுக்க ஊதாப் பாசி. பட்டாதாரரின் அரண்மனை அதுதான். தண்ணீருக்குள்ளேயே உலுக்கி, மீன் வெளியே வந்ததும் இரண்டு கையாலும் தூக்கி டப்புக்குக் கொண்டுபோனார். பாசி இல்லாத அடிப்பக்கம் மேலே திரும்பியது. வெள்ளைச் சுண்ணாம்புக் கல். சின்னச் சின்ன சிப்பிகள் பதிந்திருந்தன. நடுவில் உளியால் கொத்திய ஓர் எழுத்து.

கொ.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த கொளஞ்சியம்மாளின் வாய் நின்றது.

"ஏ தம்பி. அதைக் கீழ வைக்காத. இப்படிக் காட்டு."

காட்டினார்.

"ஏ வேணி! இது என் கல்லுடி!"

"எந்தக் கல்லு அண்ணி?"

"எந்தக் கல்லாம்! வேம்பு வரப்புல நான் நட்ட கல்லு. அரியலூருலேருந்து ஆளைக் கூட்டியாந்து, என் பேரு எழுத்தைக் கொத்தி நட்டேன். ஊரு முன்னால பிடுங்கிக்கிட்டுப் போனானே பாவி! எந்த ஆத்துல வீசுனானோன்னு இருந்தேன். இங்க கொண்டாந்து..." கொளஞ்சியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "கூடப் பொறந்தவளுக்கு அரையடி குடுக்க மனசு வரல. மீனுக்கு வூடு கட்டிக் குடுத்திருக்கான்!"

அம்பிகா சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்து வேணி பார்க்கவில்லை.

"சிரிக்கிறியாடி? உங்கப்பன் செஞ்ச வேலை சிரிப்பா இருக்கா?" என்று கத்திய கொளஞ்சியம்மாள், கல்லின் எழுத்தை ஒரு விரலால் தடவினார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "வீசல. வச்சிருந்திருக்கான்" என்றார் மெதுவாக.

மதுரைவீரன் கல்லைத் தூக்கிக்கொண்டே நின்றார். "பெரியம்மா, கை வலிக்குது. வைக்கலாமா?"

வைத்தார். தொட்டிக்குத் திரும்பினார். இந்த முறை வேலை உண்மையிலேயே அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. வெறும் மணலுக்கு நடுவில் பட்டாதாரர் நின்றுகொண்டிருந்தார். வலை வந்தது, விலகவில்லை. முட்டவில்லை. டொக் சத்தம் இல்லை. கவருக்குள் போய், வெளுத்த நீலத்தில், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தார்.

"அவ்ளோதாம்மா" என்றாள் அம்பிகா. "முடிஞ்சிடுச்சு."

மதுரைவீரன் கவரை வேணியிடம் நீட்டினார். "கடைசியா ஒரு தடவை பார்த்துக்குங்கம்மா."

வேணி வாங்கினாள். கவருக்கு வெளியே விரலை வைத்தாள். எதுவும் நடக்கவில்லை. இன்னும் கிட்டே வைத்தாள். மீன் விரலைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

போன மாதம் மீனுக்கு அண்ணியைக் காவல் வைத்துவிட்டுக் கோயம்புத்தூர் வீட்டில் பத்து நாள் இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. மகள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுக்கு என்று தெரியாமல் சமையலறை வாசலில் நின்றது நினைவு வந்தது. பத்து நாளும் அவள் யாரிடமும் ஒரு சண்டைகூடப் போடவில்லை.

"கல்லைத் திரும்ப வைங்க தம்பி" என்றாள்.

"என்னம்மா?"

"கல்லை எடுத்த மாதிரியே திரும்ப வைங்க. அது இங்கயே இருக்கட்டும்."

அம்பிகா நெற்றியில் கை வைத்தாள். "அம்மா. ஞாயித்துக்கிழமை ஆளு வர்றாங்கம்மா."

"வரட்டும். காபி குடுத்து அனுப்புவோம்."

"விளையாடாதம்மா! நீ மட்டும் தனியா இங்க இருந்து, ஒரு நாளு போன் எடுக்கலைன்னா நான் என்ன பண்றது? அன்னைக்கு அப்பாவுக்கு மூணு தடவை அடிச்சேன். பஸ் சத்தத்துல கேக்கல போலன்னு வச்சுட்டேன். இப்ப யாருக்கு அடிச்சு ஃபுல் ரிங் போனாலும் எடுக்கிற வரைக்கும் விடாம அடிக்கிறேன், தெரியுமா உனக்கு?"

வேணிக்குத் தெரியாது. மகள் இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. கவரைக் கையில் வைத்துக்கொண்டே அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"முதல் ரிங்குலயே எடுக்கிறேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு நானே அடிக்கிறேன். மாசத்துல பத்து நாளு அங்க வந்து இருக்கேன். வூட்டை மட்டும் விட்டுக் குடுக்கச் சொல்லாத."

"அத்தையும் ஊருக்குப் போயிட்டா அந்தப் பத்து நாளு மீனை யாரு பார்ப்பா?"

வேணி கவரிலிருந்த மீனைப் பார்த்தாள்.

"என் கல்லு இங்க கெடக்குது" என்றார் கொளஞ்சியம்மாள், கூரையைப் பார்த்துக்கொண்டு. "கல்லைப் பார்க்க நான் வர வேண்டியிருக்கும். வந்த எடத்துல அந்தச் சனியனுக்கும் ஒரு வாய் தீனி போட்டா என்ன குறைஞ்சிடும்?"

*

கல்லைத் திரும்ப வைப்பதில்தான் சிக்கல். எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கொம்பு மாதிரி இருந்தது நடுவில் என்றார் மதுரைவீரன். வலது பக்கம் என்றாள் அம்பிகா. கொளஞ்சியம்மாள் தன் கல் இன்னும் கொஞ்சம் நடுவில் இருந்ததாகச் சாதித்தார்.

"அண்ணி, அது மூலையில இருந்துச்சு. இப்பதான் எடுத்தாங்க."

"மூலைன்னா, நடுவை ஒட்டின மூலை."

வேணி உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். இளவரசன் அளக்காமல் எதையும் வைக்கிற ஆள் இல்லை. எல்லாக் காகிதத்தையும் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு மேலே பேர் எழுதி வைப்பார். கேஸ் புத்தகத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவில் அது இருந்தது. 'புலப்படம்: மீன் தொட்டி.'

அம்பிகா வாங்கிப் படித்தாள். வயலுக்குப் போடுகிற மாதிரியே கோடு இழுத்து, ஏழு கல்லுக்கும் எண் போட்டு, இடது கண்ணாடியிலிருந்து இத்தனை சென்டிமீட்டர், முன் கண்ணாடியிலிருந்து இத்தனை என்று குறித்திருந்தது. கீழே நான்கெல்லை.

"வடக்கே சுவர். மேற்கே ஜன்னல். கிழக்கே டிவி. தெற்கே..."

நிறுத்தினாள்.

"தெற்கே என்னடி?" என்றார் கொளஞ்சியம்மாள்.

"தெற்கே, வேணி நாற்காலி."

நாற்காலி அங்கேதான் கிடந்தது. வேணி சாயங்காலம் பூக் கட்டுகிற, பட்டாணி உரிக்கிற, மூன்று மாதமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிற நாற்காலி.

அம்பிகா சட்டைக் கையை மடித்துவிட்டாள். "டேப் எங்கம்மா இருக்கு?"

டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையைக் கொளஞ்சியம்மாள். மதுரைவீரன் கல்லை இறக்கினார். வேணி எண்ணைப் படித்தாள்.

"இடதுலேருந்து நாலு சென்டிமீட்டர்."

"ஆறு" என்றார் கொளஞ்சியம்மாள்.

"நாலு அண்ணி. எழுதியிருக்கு."

"அவனுக்கு எப்பவும் கை சுருக்கம். ரெண்டு சென்டிமீட்டர்ல என்ன வந்துடப் போவுது? ஆறுல வை தம்பி."

மதுரைவீரன் ஆறில் வைத்தார். வேணி நாலுக்குத் தள்ளச் சொன்னாள். மதுரைவீரன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருச்சியில் தனக்குக் கடை வேலை கிடப்பதாகச் சொன்னார். கடைசியில் நாலிலேயே நின்றது. "செத்தும் எனக்குக் குறைச்சுட்டான்" என்றார் கொளஞ்சியம்மாள். ஆனால் குரலில் வருத்தம் இருக்கிற மாதிரி தெரியவில்லை.

கவரைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வாயைத் திறந்தார்கள். பட்டாதாரர் வெளியே வந்தார். நடுவில் நின்றார். மூன்றாம் கல்லைச் சுற்றினார். ஐந்தாம் கல்லைச் சுற்றினார். இடது மூலைக்குப் போய், 'கொ' கல்லின் இடுக்கில் தலையை மட்டும் விட்டுப் பார்த்தார். பிறகு வால் வரைக்கும் உள்ளே போனார்.

நால்வரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மதுரைவீரன் வலையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் விரலுக்குக் கொளஞ்சியம்மாள் மஞ்சள் வைத்துக் கட்டி அனுப்பினார். சாப்பாடு ஆயிற்று. மூன்று மணிக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நாலு மணிக்குத் தீனி போட்டபோதும் வெளியே வரவில்லை.

ஐந்தரைக்கு வேணி எழுந்து போய், தொட்டிக்குள் கையை விட்டாள். இடது மூலைக்குக் கொண்டுபோனாள்.

டொக்.

விரலில் சுருக்கென்றது.

"என்னம்மா?" என்று ஓடிவந்தாள் அம்பிகா.

"தீர்வை கட்டுனேன்" என்றாள் வேணி. விரலை உதறவில்லை.

படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் அதைப் புரட்டினார். "ஏ புள்ள, பின்னாடியும் என்னமோ போட்டிருக்கான் பாரு."

பின்னால் இன்னொரு படம். அதே தொட்டி, கற்கள் வேறு இடங்களில். நடுவே ஒரு கோடு. மேலே 'உட்பிரிவு' என்று எழுதியிருந்தது. ஒரு வயலை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கும்போது எழுதுகிற வார்த்தை. இடது பாதியில் '1A: பட்டாதாரர்'. வலது பாதியில் '1B' என்று மட்டும். பேர் இல்லை.

"யாருக்குடி இது?" என்றார் கொளஞ்சியம்மாள். "எனக்கா?"

அப்போதுதான் டிவி பக்கத்தில் இளவரசனின் போன் அடித்தது. வேணி தினமும் அதற்குச் சார்ஜ் போட்டு வைக்கிறாள். அவர் போன பிறகு அது அடித்தது இதுதான் முதல் தடவை. அம்பிகாவின் முகம் வெளுத்தது. வேணி முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"சார் வணக்கம். மண்டபம் மீன் பண்ணையிலேருந்து சுமதி பேசுறேன். ரொம்ப லேட் பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்க. நீங்க சொல்லி வச்ச மீனு ரெடியா இருக்கு. அதே நீலம், மஞ்ச வாலு."

"அவரு இல்லைங்க."

"வெளிய போயிருக்காரா? எப்ப வருவாரு?"

வேணி கொளஞ்சியம்மாள் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டாள். "நான் வேணி" என்றாள்.

"அம்மா நீங்களா! சார் உங்களைப் பத்தி நிறைய சொல்லுவாரு. ரெண்டு விட்டா சண்டை போடும் சார்னு நான் சொன்னேன். சண்டை போட ஆளு இல்லாமத்தான் அது பாவமா இருக்குன்னாரு. இன்னைக்கு ராத்திரி பஸ்ல பெட்டியை ஏத்தி விடவா? காலையில பெரம்பலூருல வாங்கிக்கிறீங்களா?"

"யாரும்மா?" என்றாள் அம்பிகா. அவள் கையில் அவளுடைய போன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம் வர வேண்டாம் என்று சொல்ல நம்பரை எடுத்து வைத்திருந்தாள். இன்னும் அடிக்கவில்லை.

வேணி கையில் இருந்த படத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"பஸ் இங்க எத்தனை மணிக்கு வரும்?" என்று போனில் கேட்டாள்.

பேசி முடித்துப் போனைச் சார்ஜில் போட்டபோதுதான் ஞாபகம் வந்தது. காலையிலிருந்து நடந்த அமளியில் தண்ணீர் ஊற்றவே இல்லை. கற்கள் எல்லாம் உள்ளே போய், டப்புத் தண்ணீரை ஊற்றிய பிறகும், அரை விரற்கடை குறைந்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

கேனிலிருந்து குடிதண்ணீரைச் சொம்பில் பிடித்து வந்து ஊற்றினாள். முதல் சொம்பு. இரண்டாவது சொம்பு.

"கடல் மீனுக்குப் போயி நல்ல தண்ணி ஊத்துறியே" என்றார் கொளஞ்சியம்மாள், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

வேணி சொம்பைக் கீழே வைத்தாள். தண்ணீர் சிவப்புக் கோட்டில் நின்றது.